‘கவனமா போடு’ என்பதில் என்ன தகவல் இருக்கிறது?

52-இல் 27 போனால் 35 என்று எழுதி வைத்திருக்கிறது பிள்ளை. "கவனமா போடுன்னு எத்தனை தடவ சொல்றது?" என்று வீட்டில் அதட்டுகிறோம். ஆனால் கோளாறு கவனத்தில் இல்லை. 2-இல் 7 போகாததால், 7-இல் 2-ஐக் கழித்துவிட்டது; பத்தைக் கடன் வாங்கத் தெரியவில்லை. அதட்டலில் இந்தத் தகவல் இல்லாததால் நாளைக்கும் அதே தப்புதான் வரும்.

அமெரிக்கக் கூடைப்பந்துப் பயிற்சியாளர் ஜான் வுடன், 1964 முதல் 1975 வரையிலான 12 ஆண்டுகளில் யுசிஎல்ஏ பல்கலைக்கழக அணிக்கு 10 தேசியப் பட்டங்கள் வாங்கித் தந்தவர். அதற்கு முன்பு பள்ளியில் ஆங்கிலம் கற்பித்தவர். பயிற்சியாளராக அவருடைய கடைசிப் போட்டிப் பருவத்தில் ரோலண்ட் தார்ப், ரொனால்ட் கலிமோர் என்ற இரண்டு உளவியலாளர்கள் பயிற்சியைப் பார்த்து, அவர் சொன்னதையும் செய்ததையும் வகைபிரித்துக் குறித்தார்கள். மொத்தம் 2,326 குறிப்புகள். பாராட்டு 7 விழுக்காட்டுக்குச் சற்றுக் குறைவு. கடிந்துகொண்டதும் ஏறக்குறைய அவ்வளவே. முக்கால் பங்கு, எதை எப்படிச் செய்வது என்ற தகவல். எதற்கெடுத்தாலும் ‘சூப்பர்’ சொல்லும் பெற்றோரும் இந்தக் கணக்கைக் கவனிக்க வேண்டும்.

அவர் திருத்தும் முறை எளிது: சரியானதைச் செய்து காட்டுவார், ஆட்டக்காரர் செய்ததைச் செய்து காட்டுவார், மறுபடியும் சரியானதைக் காட்டுவார். எல்லாம் சில நொடிகளில் முடியும். கழித்தலுக்கும் இதே வழிதான். 52-ஐ நாற்பதும் பன்னிரண்டுமாகப் பிரித்துப் போட்டுக் காட்டுங்கள். "நீ ஏழுல ரெண்டக் கழிச்ச" என்று அதன் வழியையும் காட்டுங்கள். மறுபடி சரியான வழி. உடனே 61-இல் 34 கொடுத்துவிட வேண்டும். 33 வந்தால் இன்னும் பிடிபடவில்லை, 27 வந்தால் பிடித்துக்கொண்டது. அந்த நேரத்தில் கையெழுத்து, அழித்த கறை, சாய்ந்த கோடு எதையும் பேசாதீர்கள். ஒரு தடவைக்கு ஒரு திருத்தம் போதும்.

சாக்ஸ் போடுவதைக்கூட வுடன் சொல்லிக்கொடுப்பார். மடிப்பு இருந்தால் கொப்புளம் வரும், கொப்புளம் வந்தால் பயிற்சி போகும். படிக்கிற பிள்ளைக்கு அந்த மடிப்பு பெரும்பாலும் நாற்காலியில் இருக்கிறது. பெரியவர்கள் நாற்காலியில் கால் தொங்கினால் உடம்பு வழுக்கி முன்னால் வரும். பத்து நிமிடத்தில் நெளிய ஆரம்பிக்கும். காலுக்கு அடியில் ஒரு முக்காலி, முழங்கை உயரத்தில் மேசை, சீவிய பென்சில் இரண்டு. ‘ஒரு இடத்துல உக்கார மாட்டேங்குது’ என்ற புகாரில் பாதி இங்கேயே அடங்கிவிடும்.

முக்கியமான போட்டி நெருங்கும்போது விளையாட்டு வீரர்கள் பயிற்சியின் அளவைச் சுமார் பாதியாகக் குறைப்பார்கள். வேகத்தைக் குறைக்க மாட்டார்கள். நாமோ தேர்வுக்கு முந்தைய இரவில்தான் புதுப் பாடத்தைத் திறக்கிறோம். அன்றைக்கு, தெரிந்ததிலிருந்து நேரம் வைத்து நாலு கேள்வி எழுதினால் போதும்.

தேர்வு முடிந்ததும் பள்ளி வாசலிலேயே, ஸ்கூட்டரில் உட்கார்ந்தபடி வினாத்தாளை விரித்து மதிப்பெண் கூட்டும் வழக்கமும் வேண்டாம். போன தாளில் ஒன்றும் மாறாது. அடுத்த நாள் தேர்வு கெடும். அலசல் எல்லாத் தேர்வும் முடிந்த பிறகு இருக்கட்டும்.

இதையெல்லாம் படித்துவிட்டு வீட்டையே மைதானமாக்கிவிடும் ஆபத்தும் உண்டு. வுடனின் பயிற்சிக்கு நேரக்கணக்கு இருந்தது. முடிந்ததும் ஆட்டக்காரர்கள் அவரவர் அறைக்குப் போனார்கள். பிள்ளைக்குப் போக வேறு வீடு இல்லை. ஏழரைக்கு நோட்டை மூடினால், சாப்பாட்டுத் தட்டுக்கு முன்னால் வாய்ப்பாடு கேட்காதீர்கள்.