'பத்துக்கு ரெண்டு ஃப்ரீ': டே கேர் மையங்கள் கவனிக்க

கண்புரை, மூலம், ஹெர்னியா என்று காலையில் சேர்த்து மாலையில் வீட்டுக்கு அனுப்பும் டே கேர் அறுவை மையங்களுக்குத்தான் நான் அதிகமும் சர்ஜிக்கல் பொருட்கள் சப்ளை செய்கிறேன். பல மையங்களில் ஸ்டோர் என்பது ஒரு பீரோவும் ஒரு சின்ன ஃப்ரிட்ஜும்தான். மாதம் ஒரு பெட்டி தையல் நூல் செலவாகும் அந்த இடத்தில், 'பத்துக்கு ரெண்டு ஃப்ரீ' என்ற ஸ்கீமில் பன்னிரண்டு பெட்டி ஏறிவிடுகிறது. காலாவதி நெருங்கிய சரக்குக்குத்தான் இப்படித் தாராளமான ஸ்கீம் அடிக்கடி வரும் என்பது எங்கள் லைனில் எல்லோருக்கும் தெரியும். தள்ளுபடியைப் பிறகு பேசலாம். எந்த பேட்ச், காலாவதி எப்போது, மிஞ்சினால் திரும்ப எடுப்பீர்களா என்று முதலில் கேளுங்கள். பதிலை எழுத்தில் வாங்குங்கள்.

கண்ணுக்குள் வைக்கும் லென்ஸ் விஷயம் வேறு. அதன் பவர் பொதுவாக அரை டயாப்டர் (லென்ஸ் பவரை அளக்கும் அலகு) இடைவெளியில் வரும். எது வேண்டும் என்பது நோயாளியின் கண்ணை அளந்தால்தான் தெரியும். 18 முதல் 25 வரை வைத்தாலே பதினைந்து பவர். அதனால் ஒரு வரிசையை மையத்திலேயே வைத்துவிட்டு, பயன்படுத்தியதற்கு மட்டும் பில் போடுவோம். நல்ல ஏற்பாடுதான். ஆனால் காலாவதியை யார் பார்ப்பது? மையம் பார்க்கும் என்று நாங்கள் இருப்போம், நாங்கள் பார்ப்போம் என்று மையம் இருக்கும். மாதம் ஒருமுறை இரு தரப்பும் சேர்ந்து பெட்டி பெட்டியாகப் பார்த்துக் கையெழுத்துப் போடுவது நல்லது. அப்புறம், லென்ஸ் பெட்டிக்குள் இருக்கும் ஸ்டிக்கர்களில் ஒன்றை கேஸ் ஷீட்டிலும் இன்னொன்றை நோயாளியின் அட்டையிலும் ஒட்டச் சொல்லுங்கள். அவசரத்தில் அது குப்பைக்குப் போவதைப் பார்த்திருக்கிறேன். நாளை அந்த பேட்சைக் கம்பெனி திரும்பப் பெற்றால், யார் கண்ணில் எந்த லென்ஸ் என்று எப்படித் தேடுவது?

மயக்க மருந்தோடு தசையைத் தளர்த்தப் போடும் சக்சினில்கோலின் ஊசி 2 முதல் 8 டிகிரி செல்சியஸில் இருக்க வேண்டும். கண்புரை அறுவையில் கண்ணுக்குள் செலுத்தும் சோடியம் ஹயலூரோனேட் ஜெல்லும் பெரும்பாலும் அப்படித்தான். டெலிவரி பையன் மதிய வெயிலில் டூவீலரில் கொண்டுவந்தால், பெட்டியில் ஐஸ் பேக்கும் வெப்பமானியும் இருக்கிறதா என்று பார்த்துவிட்டுக் கையெழுத்துப் போடுங்கள். மருந்து ஐஸ் பேக்கோடு ஒட்டி உறைந்திருந்தாலும் வாங்காதீர்கள்.

விற்பவரிடம் மருந்து விற்பனை லைசென்ஸோ, மருத்துவச் சாதனங்களை விற்பதற்கென அவற்றுக்கான விதிகளின் 2022 திருத்தத்தில் வந்த எம்டி-42 பதிவுச் சான்றோ இருக்க வேண்டும். நகல் கேளுங்கள், முறையாகத் தொழில் செய்கிறவர் யாரும் கோபித்துக்கொள்ள மாட்டார்.