அந்தக் கோடுகள் ஷைன் போட்டவை அல்ல

தந்தி வாத்தியக் குழுக்களுக்கு ஒத்திகை எடுப்பது என் வேலை. ஜெர்மன் இசையமைப்பாளர் யோஹான் ஹெர்மன் ஷைனின் நடன இசைத் தொகுப்பான ‘பாங்கெட்டோ மூசிகாலே’யிலிருந்து நாலைந்து பக்கங்களை இணையத்தில் இறக்கிக்கொண்டு ஏதாவது ஒரு குழு வந்து நிற்பது வழக்கம். சுருதி சுத்தமாக இருக்கும், வில்கள் எல்லாம் ஒரே திசையில் போகும். கேட்டால் மட்டும் யாரோ மூன்று எண்ணிக்கைக்கு ஒருமுறை முதுகில் குத்துவதுபோல் இருக்கும்.

காரணம் தாளில் இருக்கிறது. 1617-ல் லைப்ஸிகில் அச்சான இந்தத் தொகுப்பு ஆளுக்கொரு புத்தகமாகத்தான் வந்தது. எல்லாக் குரலும், அதாவது ஒவ்வொருவரும் வாசிக்கும் பகுதியும், ஒரே பக்கத்தில் தெரியாது. எண்ணிக்கையைக் கட்டம் கட்டமாகப் பிரிக்க இன்று நாம் பார்க்கும் செங்குத்தான பார் கோடுகளும், ‘மெல்ல’, ‘பலமாக’ என்ற குறிப்புகளும் பின்னால் வந்த பதிப்பாசிரியர்கள் சேர்த்தவை.

கலியார்டா, கொரென்டே என்ற நடன வகைகளில் ஆறு எண்ணிக்கை மூன்று மூன்றாக நடந்து வரும். வரி முடியப்போகும் இடத்தில் அதே ஆறு இரண்டு, இரண்டு, இரண்டாகப் பிரியும். பதிப்பாசிரியர் அதன் நடுவில் ஒரு கோடு கிழிப்பார். கண் கோட்டைப் பார்க்கும், வில் அழுத்தும், விளையாட்டு அங்கேயே செத்துவிடும். அதனால் முதல் நாள் வாத்தியத்தைத் தொடவிடமாட்டேன். உங்கள் குரலைப் பாடிக்கொண்டே ஆறு எண்ணுங்கள், இரண்டிரண்டாகும் இடத்தைப் பென்சிலால் வளையுங்கள் என்பேன். முணுமுணுப்பார்கள். பரவாயில்லை.

வேகத்துக்கும் ஆடுபவரின் காலைத்தான் கேட்க வேண்டும். கலியார்டாவில் நான்கு உதை, ஐந்தாவதில் துள்ளல், ஆறாவதில் தரையில் நிற்பது. மனிதன் காற்றில் எவ்வளவு நேரம் இருப்பானோ அவ்வளவுதான் அந்த ஐந்தாவது எண்ணிக்கை. தொகுப்பின் பெயரே விருந்தைச் சொல்கிறது, இவை ஆடுவதற்கு மட்டும் எழுதப்பட்டவை அல்ல என்று வாதிடுவோர் உண்டு. இருக்கலாம். உட்கார்ந்து கேட்டாலும் துள்ளல் துள்ளல்தான்.

இன்னொரு பழக்கம், நேரம் போதவில்லை என்று கடைசியில் வரும் ட்ரிப்ளாவை வெட்டுவது. தொகுப்பில் 20 நடன வரிசைகள். ஒவ்வொன்றிலும் படுவானா, கலியார்டா, கொரென்டே ஆகியவை ஐந்து குரலில் வரும், பிறகு அலமாண்டேயும் ட்ரிப்ளாவும் நான்கு குரலில். அலமாண்டேயின் மெட்டே ட்ரிப்ளாவில் மூன்று எண்ணிக்கைக்கு மாறுகிறது, சதுஸ்ரத்தைத் திஸ்ரமாக்குவதுபோல. ஒரு வரிசையின் உருப்படிகள் ஸ்வர அமைப்பிலும் கற்பனையிலும் ஒன்றுக்கொன்று பதில் சொல்பவை என்று முன்னுரையில் ஷைனே எழுதியிருக்கிறார். ட்ரிப்ளாவை வெட்டினால் அலமாண்டே கேட்ட கேள்வி அந்தரத்தில் நிற்கும். நான்கு குரல் என்றால் ஐந்தாமவர் சும்மா இருக்க வேண்டும் என்பதையும் சொல்லிவிடுகிறேன். சும்மா இருக்க முடியாமல் இன்னொருவர் குரலில் சேர்ந்துகொள்வது அடிக்கடி நடக்கிறது.

வயலினில் வாசிக்கலாமா என்றால், தாராளமாக. எல்லா வகை வாத்தியங்களிலும் வாசிக்கலாம், வயோல்கள் என்ற பழைய வில் வாத்தியங்களில் என்றால் விசேஷம் என்கிறது முகப்புப் பக்கம். வயோலை மடியிலோ காலிடையிலோ நிறுத்தி, உள்ளங்கை மேல்நோக்க வில்லைப் பிடிப்பார்கள். பலமான வீச்சு உள்நோக்கித் தள்ளுவதில் வரும். வயலினிலோ அது கீழ்நோக்கி இழுப்பதில். ஆகவே பதிப்பில் அச்சிட்டிருக்கும் வில் குறிகள் உங்கள் வாத்தியத்துக்கு நேர்மாறாக இருக்கலாம், அவற்றை முதலில் அழித்துவிடுங்கள்.