தெர்மோஸ்டாட்டை வேறு சுவருக்கு மாற்றப் போகிறீர்களா?

தெர்மோஸ்டாட் என்பது அறையின் சூட்டைப் பார்த்து ஹீட்டிங் மெஷினை ஓட்டி நிறுத்தும் சுவர்க் கருவி. வீட்டு ஹீட்டிங் வேலையில் இருக்கும் எனக்கு அதைப் பற்றி ஒரே புகார் வேறு வேறு வீடுகளிலிருந்து வந்துகொண்டே இருக்கும். "தெர்மோஸ்டாட் 21 டிகிரி காட்டுகிறது, படுக்கையறையில் குளிர் தாங்க முடியவில்லை." போய்ப் பார்த்தால் பல வீடுகளில் மெஷின் நன்றாகத்தான் ஓடிக்கொண்டிருக்கும். தெர்மோஸ்டாட்டிலும் கோளாறு இருக்காது. தன்னைத் தொட்டுக்கொண்டிருக்கும் காற்று எவ்வளவு சூடு என்பது மட்டும்தான் அதற்குத் தெரியும். அது மாட்டப்பட்ட இடம் தவறாக இருந்தால், எவ்வளவு விலை கொடுத்து வாங்கிய கருவியாக இருந்தாலும் வீட்டைப் பற்றித் தவறாகத்தான் முடிவெடுக்கும்.

மதிய வெயில் விழும் சுவர், பக்கத்தில் டிவி அல்லது விளக்கு, சூடான காற்று வரும் துவாரத்துக்கு நேரெதிர், சமையலறை ஓரம் ஆகிய இடங்களில் மாட்டினால், வீடு சூடாகும் முன்பே "போதும்" என்று அது மெஷினை நிறுத்திவிடும். வெளிச்சுவரிலோ வாசல் கதவருகிலோ மாட்டினால் தலைகீழாக நடக்கும். வீடு வெந்தாலும் மெஷின் ஓடிக்கொண்டே இருக்கும். எப்போதும் திறந்தே கிடக்கும் ஒரு கதவின் பின்பக்கச் சுவரும் ஆகாது, அங்கே காற்றே நகராது. ஆட்கள் புழங்கும் அறையின் உட்சுவரில், தரையிலிருந்து சுமார் 1.5 மீட்டர் உயரத்தில், அறைக் காற்று தடையில்லாமல் வந்துபோகும் இடம்தான் சரி.

சரி, இடத்தை மாற்றிவிடலாம் என்று முடிவெடுக்கும் முன் ஒரு காரியம் செய்யுங்கள். மின் பெட்டியில் பிரேக்கரை (மின்சாரத்தைத் துண்டிக்கும் ஸ்விட்ச்) இறக்கிவிட்டு, தெர்மோஸ்டாட்டின் முகப்பைக் கழற்றி, வயர் வரும் ஓட்டையைப் பாருங்கள். ஒரு வீட்டில் எல்லாம் இலக்கணப்படி இருந்தது: உட்சுவர், நல்ல உயரம், பக்கத்தில் ஜன்னல் இல்லை. ஆனாலும் குளிர்காலத்தில் ஃபர்னஸ், அதாவது காற்றைச் சூடாக்கி வீட்டுக்குள் அனுப்பும் மெஷின், ஓயவே இல்லை. முகப்பைக் கழற்றியபோது பின்னால் கட்டைவிரல் நுழையும் அளவுக்கு ஓர் ஓட்டை. நடுவில் மெல்லிய கேபிள், சுற்றிலும் வெறும் இடைவெளி. புறங்கையை அருகில் வைத்தால் குளிர்காற்று சில்லென்று பட்டது. சுவரின் உள்வெற்றிடம் கூரைக்கடியில் உள்ள பரண்வரை திறந்திருந்தது. அங்கிருந்து இறங்கிய குளிர்காற்று நேராக சென்சாரின் முதுகில் அடித்துக்கொண்டிருந்தது. கெட்டியாகாத புட்டியை உருட்டி ஓட்டையை அடைத்தோம், அவ்வளவுதான். கேபிளை இழுக்கவோ சுவரை உடைக்கவோ தேவைப்படவில்லை. இதைச் சரிபார்க்காமல் புது இடத்துக்கு மாற்றினால், புது ஓட்டை வழியாகவும் அதே காற்றுதான் வரும்.

ஓட்டை காரணமில்லை என்றால், புது இடத்தைச் சோதித்துப் பாருங்கள். மனதில் வைத்திருக்கும் சுவரில், அதே உயரத்தில், ஒரு சாதாரண தெர்மாமீட்டரைச் சில நாள் ஒட்டிவையுங்கள். காலை, மதியம், இரவு, ஹீட்டர் ஓடும்போது, நின்ற பிறகு என்று குறித்துக்கொள்ளுங்கள். நீங்கள் உட்காரும் இடத்தின் சூட்டோடு அது ஒத்துப்போனால் அந்த இடத்தை நம்பலாம். சுவரில் ட்ரில் வைத்த பிறகு வருந்துவதைவிட இது எவ்வளவோ மேல்.

பாய்லரில் சூடான தண்ணீர் ஓடும் ரேடியேட்டர் உள்ள வீடுகளில் இன்னொன்றையும் பார்க்க வேண்டும். பல ரேடியேட்டர்களில் தானாகவே சூட்டைக் கட்டுப்படுத்தும் வால்வு இருக்கும். அப்படி வால்வு இருக்கும் அறையிலேயே தெர்மோஸ்டாட்டையும் கொண்டுபோய் மாட்டினால் இரண்டும் மோதிக்கொள்ளும். வால்வு 19 டிகிரியில் மூடிக்கொள்ளும். தெர்மோஸ்டாட்டோ 21 வரட்டும் என்று காத்திருக்கும். அந்த 21 வரவே வராது, பாய்லர் நிற்கவும் நிற்காது. அந்த அறையின் வால்வை முழுதாகத் திறந்துவையுங்கள், இல்லாவிட்டால் வேறு அறையைத் தேடுங்கள். ஒரே ஓர் அறைதான் பிரச்சினை என்றால், தனி சென்சாரை அந்த அறையில் வைத்து வயர் இல்லாமலே இணைத்துக்கொள்ளும் தெர்மோஸ்டாட்டுகள் கிடைக்கின்றன. கேபிள் வேலையே மிச்சம்.

இனி வயரிங். இங்கேதான் எனக்குப் பயம் அதிகம். காணொளியில் ஒருவர் இரண்டு ஸ்க்ரூவைத் தளர்த்தி ஐந்து நிமிடத்தில் முடித்ததைப் பார்த்துவிட்டுக் கை வைக்கிறார்கள். அவர் வீட்டில் ஓடுவதும் உங்கள் வீட்டில் ஓடுவதும் ஒரே மின்சாரம்தானா?

ஃபர்னஸ் உள்ள பல வீடுகளில், முக்கியமாக வட அமெரிக்காவில், தெர்மோஸ்டாட்டுக்கு வருவது 24 வோல்ட். மெல்லிய வயர்கள் பல, பக்கத்தில் எழுத்துப் போட்ட டெர்மினல்கள், அதாவது வயரை மாட்டும் முனைகள். ஆனால் சுவரோரம் தரையை ஒட்டி நீளமாக ஓடும் மின்சார ஹீட்டர்களுக்கு 120 அல்லது 240 வோல்ட் தெர்மோஸ்டாட் வழியாகவே போகும். ஐரோப்பாவில் பல பாய்லர்களின் அறைத் தெர்மோஸ்டாட்டுக்கும் 230 வோல்ட் வரும். முகப்பைக் கழற்றும்போது தடித்த வயர்கள் இரண்டோ நான்கோ, முனையில் முறுக்கிய தொப்பிகளோடு தெரிந்தால், அது மெயின் மின்சாரம் என்றே எடுத்துக்கொள்ளுங்கள். அந்தக் கணமே நிறுத்திவிட்டு உரிமம் உள்ள எலக்ட்ரீஷியனைக் கூப்பிடுங்கள். இரண்டு வயர் வகையில் இன்னோர் ஆபத்தும் உண்டு: தெர்மோஸ்டாட்டை "ஆஃப்" செய்தாலும் ஒரு வயர் மட்டுமே துண்டிக்கப்படும், 240 வோல்ட் இணைப்பில் மற்ற வயரில் மின்சாரம் நின்றுகொண்டிருக்கும். பிரேக்கரை இறக்கி, மீட்டர் வைத்துப் பார்த்த பிறகுதான் தொட வேண்டும்.

மூன்றாவது வகை பலருக்குத் தெரியாது. சில எரிவாயுக் கணப்புகளும் பழைய சுவர் ஹீட்டர்களும் தாங்களே உண்டாக்கும் மின்சாரத்தில், ஒரு வோல்ட்டுக்கும் குறைவான அழுத்தத்தில் இயங்குபவை. அவற்றின் தெர்மோஸ்டாட்டை மெல்லிய வயர் போட்டு தூரமாகக் கொண்டுபோனால், வயரின் தடையிலேயே அந்தச் சிறு அழுத்தம் கரைந்துவிடும், வால்வு திறக்காது. அதில் 24 வோல்ட்டைக் கொடுத்தால் வால்வே பழுதாகிவிடும்.

24 வோல்ட் என்பதை உறுதி செய்துகொண்டீர்கள் என்றால், முதலில் ஃபர்னஸின் பிரேக்கரை இறக்குங்கள். ஏசிக்கு, மின்சாரத்தை 24 வோல்ட்டாகக் குறைக்கும் தனி டிரான்ஸ்ஃபார்மர் இருந்தால் அதன் பிரேக்கரையும். பிறகு பழைய இணைப்பை ஃபோனில் படம் எடுங்கள், ஒவ்வொரு வயரும் எந்த எழுத்தில் இருந்ததோ அதை ஒரு சீட்டில் எழுதி அந்த வயரிலேயே ஒட்டுங்கள். நிறத்தை நம்பாதீர்கள். வழக்கப்படி சிவப்பு ஆர் டெர்மினலுக்கு (மின்சாரம் வருவது), வெள்ளை டபிள்யூவுக்கு (சூடாக்க), மஞ்சள் ஒய்க்கு (கூலிங்), பச்சை ஜிக்கு (ஃபேன்). ஆனால் முன்பு வேலை செய்தவர் கையில் கிடைத்த வயரைப் போட்டிருக்கலாம். நீல வயர் கூலிங்குக்குப் போயிருந்த வீடுகளை நான் பார்த்திருக்கிறேன்.

மின்சாரம் இருக்கும்போது ஆர் வயரும், மின்சாரம் திரும்பிப் போகும் சி வயரும் ஒருமுறை உரசினால் போதும், ஃபர்னஸ் போர்டில் உள்ள 3 அல்லது 5 ஆம்பியர் ஃபியூஸ் போய்விடும். ஃபியூஸ் இல்லாத பழைய மெஷினில் டிரான்ஸ்ஃபார்மரே எரியும். 24 வோல்ட் ஆளைக் கொல்லாது என்ற துணிச்சலில் பிரேக்கரை இறக்காமல் வேலை செய்பவர்கள் கடைசியில் குளிரில் உட்கார்ந்திருப்பது இதனால்தான்.

பழைய கேபிளில் ஒட்டுப்போட்டு நீட்டலாமா என்று எல்லோரும் கேட்பார்கள். முடிந்தவரை வேண்டாம். ஃபர்னஸிலிருந்து புது இடம்வரை ஒரே கேபிளாக இழுங்கள், ஒரு மில்லிமீட்டர் தடிமனுள்ள செம்புக் கம்பி, அதாவது 18 கேஜ். இன்று நான்கு வயர் போதுமென்றாலும் எட்டு வயர் உள்ள கேபிளையே போடுங்கள். இப்போது வரும் ஸ்மார்ட் தெர்மோஸ்டாட்டுகளில் பெரும்பாலானவற்றுக்கு சி வயர் வேண்டும். அது இல்லாததால்தான் பல வீடுகளில் அவை அடிக்கடி அணைந்து போகின்றன. ஒட்டுப்போட்டே ஆக வேண்டும் என்றால், அந்த ஜாயிண்ட் மூடி போட்ட பெட்டிக்குள், நாளை ஒருவர் திறந்து பார்க்கக்கூடிய இடத்தில் இருக்கட்டும். சுவருக்குள் டேப் சுற்றிப் புதைத்த ஜாயிண்ட் விட்டுவிட்டு வேலை செய்யும், அதைக் கண்டுபிடிக்க யாராலும் முடியாது. மெயின் வயர் இருக்கும் பெட்டிக்குள் இந்த மெல்லிய வயரைக் கொண்டுபோகவும் கூடாது.

கழற்றும் பழைய தெர்மோஸ்டாட்டுக்குள் ஒரு சிறு கண்ணாடிக் குமிழும் அதில் வெள்ளிபோல் உருளும் திரவமும் தெரிந்தால், அது பாதரசம். உடையாமல் நிமிர்த்தி வைத்து, அபாயக் கழிவுகளை வாங்கும் இடத்தில் கொடுங்கள். குப்பைத்தொட்டியில் போடக் கூடாது.

வயரை மாட்டி மெஷின் கிளம்பவில்லை என்றால், பிரேக்கரை இறக்கிவிட்டு, தெர்மோஸ்டாட்டைக் கழற்றி, ஆர் வயரையும் டபிள்யூ வயரையும் மட்டும் ஒன்றாக முறுக்கி, திரும்ப பிரேக்கரை ஏற்றுங்கள். சாதாரண ஃபர்னஸ் என்றால் சூடாக்கத் தொடங்க வேண்டும். தொடங்கினால் கேபிள் சரி, தெர்மோஸ்டாட்டையோ அதன் செட்டிங்கையோ பாருங்கள். தொடங்காவிட்டால் ஃபர்னஸ் போர்டில் உள்ள அந்த ஃபியூஸை முதலில் பாருங்கள். பார்த்து முடித்ததும் பிரேக்கரை இறக்கி, முறுக்கிய வயர்களைப் பிரித்துவிடுங்கள். அப்படியே விட்டால் மெஷின் நிற்காமல் ஓடும். பழைய இடத்தில் சுவருக்குள் மிஞ்சும் கேபிளின் இரண்டு முனைகளையும் துண்டித்து, பிறகு அந்த ஓட்டையை மூடுங்கள்.