எந்த வரியைச் சந்தேகிப்பது?

"அண்ணா, ரஸ்ட்டில எழுதினால் ஹேக் பண்ண ஏலாதாம், உண்மையே?" கொழும்பில் மென்பொருள் படிக்கும் பிள்ளைகள் இப்போது அடிக்கடி கேட்பது இதைத்தான். ரஸ்ட் என்பது நினைவகத்தைக் கையாளும்போது வரும் பிழைகளை நிரல் ஓடுமுன்பே பெரும்பாலும் தடுக்கும் நிரலாக்க மொழி. அடுத்தவர் எழுதிய நிரலை வாசித்து அதில் ஓட்டை தேடுவது என் தொழில். எந்த மொழியில் எழுதினாலும் மனிதர் பிழை விடத்தான் செய்வார். அதை எங்கே தேட வேண்டும் என்பது மொழிக்கு மொழி மாறும்.

சி மொழி என்றால் எல்லா இடத்திலும் தேட வேண்டும். பெல் ஆய்வகத்தில் டென்னிஸ் ரிச்சி 1970களின் தொடக்கத்தில் உருவாக்கிய மொழி அது. நினைவகத்தை அப்படியே புரோகிராமர் கையில் கொடுத்துவிடும். பத்து இடம் ஒதுக்கிவிட்டுப் பதினோராவதில் எழுதினாலும் ஏன் என்று கேட்காது. 1988 நவம்பரில் இணையத்தில் தானாகப் பரவிய மொரிஸ் புழு கணினிகளுக்குள் நுழைந்த வழிகளில் ஒன்று இது. 'கெட்ஸ்' என்ற ஃபங்ஷன், வருகிற எழுத்துகளின் நீளத்தைப் பார்க்காமலே வாங்கி வைத்துக்கொள்ளும். அதை சி மொழியின் தரநிலையிலிருந்து தூக்க 2011 வரை சென்றது!

2014இல் வந்த ஹார்ட்பிளீட் ஓட்டை இதன் மறுபக்கம்: எல்லை தாண்டி எழுதுவதற்குப் பதில், எல்லை தாண்டி வாசிப்பது. இணைய இணைப்புகளை மறைகுறியாக்கப் பாவிக்கும் ஓபன்எஸ்எஸ்எல் என்ற நூலகத்தில் (பலரும் எடுத்துப் பாவிக்கும் ஆயத்த நிரல்) ஒரு வசதி இருந்தது: இணைப்பு உயிரோடு இருக்கிறதா என்று பார்க்க ஒரு பக்கம் சில எழுத்துகளையும் அவற்றின் நீளத்தையும் அனுப்பும், மற்றப் பக்கம் அதே எழுத்துகளைத் திருப்பி அனுப்பும். ஒரே எழுத்தை அனுப்பிவிட்டு நீளம் 64 கிலோபைட் என்று பொய் சொன்னால் என்ன ஆகும்? சேர்வர் அந்த எண்ணை நம்பியது. பக்கத்தில் கிடந்த நினைவகத்தையும் சேர்த்து அள்ளிக் கொடுத்தது. அதில் யாரோ ஒருவருடைய பாஸ்வேர்ட் இருக்கலாம், சேர்வரின் இரகசியச் சாவியே இருக்கலாம். ஜாவாவில் இதே கவனக்குறைவு நடந்திருந்தால், எல்லை தாண்டிய கணத்தில் பிழை எழுந்து அந்தக் கோரிக்கை அங்கேயே நின்றிருக்கும். ஒரே பஃபரை (தரவைத் தற்காலிகமாக வைக்கும் இடத்தை) துடைக்காமல் திரும்பத் திரும்பப் பாவித்தால் ஜாவாவிலும் பழைய தரவு கசியலாம்தான். ஆனால் சேதம் அந்தப் பஃபரைத் தாண்டாது.

மைக்ரோசொஃப்ட் 2019இல் சொன்ன கணக்கு: ஆண்டுதோறும் தாங்கள் அடைக்கும் பாதுகாப்பு ஓட்டைகளில் ஏறத்தாழ 70 சதவீதம் இந்த நினைவகப் பிழைகள். ஆண்ட்ராய்டிலும் 2019இல் 76 சதவீதமாக இருந்தது, 2024இல் 24க்கு இறங்கியது. பழைய நிரலை ஆண்ட்ராய்டு அணியினர் ஒட்டுமொத்தமாக மாற்றி எழுதவில்லை. புதிதாக எழுதுவதை ரஸ்ட், கொட்லின் போன்ற மொழிகளுக்குப் படிப்படியாகக் கொண்டுபோனார்கள்; பழையதில் இருந்த பிழைகள் காலப்போக்கில் பிடிபட்டுக் குறைந்தன. "முழுவதையும் ரஸ்ட்டில் திருப்பி எழுதுவோம்" என்று எஸ்டிமேட் கொண்டுவருகிறவரிடம் இதைக் காட்டலாம்.

சரி, நம் ஊருக்கு வருவோம். புறக்கோட்டை மொத்தக் கடையின் ஸ்டொக் கணக்கு, வெள்ளவத்தை டியூட்டரியின் கட்டணப் பதிவு என்று என்னிடம் வருபவை பெரும்பாலும் பிஎச்பி, ஜாவாஸ்கிரிப்ட், ஜாவா. இவற்றில் நினைவகம் என் கவலை இல்லை. பிஎச்பி என்றால் பயனர் தட்டிய எழுத்துகளைப் புள்ளி வைத்து, தரவுத்தளத்துக்குக் கட்டளையிடும் எஸ்கியூஎல் வரியோடு ஒட்டிய இடங்களைத்தான் முதலில் தேடுவேன்; அங்கே பயனர் தட்டியதே கட்டளையாகிவிடலாம். அப்புறம், இரண்டு மதிப்புகள் ஒன்றா என்று பார்க்கும் இரட்டைச் சமக்குறி (==). எம்டி5 என்பது எந்த எழுத்துத் தொடரையும் ஒரே நீளக் குறியீடாக மாற்றும் முறை. '240610708' என்பதன் எம்டி5 மதிப்பு பூச்சியத்தில் தொடங்கி, அடுத்து ஆங்கில 'e' எழுத்து, பிறகு வெறும் இலக்கங்களாக வரும். அந்த 'e'யைப் பத்தின் அடுக்கு என்று எடுத்துக்கொண்டு, பிஎச்பி அதைப் பூச்சியம் என்ற எண்ணாகவே வாசிக்கும். அதே வடிவில் உள்ள இன்னொரு மதிப்போடு ஒப்பிட்டால் 'இரண்டும் ஒன்று' என்று கதவைத் திறந்துவிடும். மூன்று சமக்குறி போட்டால் இந்தத் தொல்லை இல்லை. எம்டி5ஐப் பாஸ்வேர்டுக்குப் பாவிப்பதை நிறுத்துவது அதைவிட நல்லது.

ஜாவாவில் நூலகப் பட்டியலிலிருந்து தொடங்குவேன். 2021 டிசம்பரில் வந்த லொக்4ஷெல் ஓட்டைக்குப் பத்துக்குப் பத்து அபாயப் புள்ளி. நினைவகம் பத்திரமாகத்தான் இருந்தது. பதிவு எழுதும் நூலகம், வெளியிலிருந்து வந்த ஒரு வரியை நம்பி, எங்கோ இருக்கும் சேர்வரிலிருந்து நிரலை இறக்கி ஓட்டியது.

ரஸ்ட்டில் 'அன்சேஃப்' (மொழியின் சில பாதுகாப்புக் கட்டுப்பாடுகள் தளரும் இடம்) என்று குறித்த பகுதிகளைத் தேடிப் பிடித்தால் நினைவகக் கவலையில் பெரும்பகுதி அங்கேயே அடங்கிவிடும். அந்த மொழியில் எனக்குப் பிடித்ததே அதுதான். சந்தேகப்பட வேண்டிய இடத்தை எழுதியவரே குறித்துத் தருகிறார். ஆனால் அதே ரஸ்ட்டில் எழுதிய தளத்தில், முகவரியிலுள்ள 102ஐ 103 ஆக்கினால் அடுத்த மாணவரின் புள்ளிகள் தெரிகிறதென்றால், நிரலைச் சோதித்துக் கணினி ஓட்டும் வடிவுக்கு மாற்றும் கொம்பைலர் அதைக் கண்டுகொள்ளாது. யார் எதைப் பார்க்கலாம் என்பது அதற்குத் தெரியாதே. எனக்கு அதிகம் அகப்படுவதும் இந்த வகைதான். வலைச் செயலிகளின் பாதுகாப்பைக் கவனிக்கும் ஓவாஸ்ப் அமைப்பின் 2021 அபாயப் பட்டியலில் முதலிடமும் இதற்கே.

மென்பொருள் வாங்கும் கடைக்காரர், டியூட்டரி நடத்துபவர்களுக்கு ஒன்று. 2022ஆம் ஆண்டின் 9ஆம் இலக்கத் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம், முதன்மையாகத் தரவை வைத்திருப்பவருக்கே கடமைகளை வகுத்திருக்கிறது. செய்து தந்த தம்பி எந்த மொழியில் எழுதினார் என்று அது கேட்காது. நீங்கள் மொழியின் பெயரோடு பதிப்பு எண்ணையும் கேளுங்கள். பிஎச்பி 7.4க்கான பாதுகாப்புத் திருத்தங்கள் 2022 நவம்பரோடு நின்றுவிட்டன. இன்னும் அதில் ஓடுகிறதா, அப்டேட் செய்வது யார், அதற்கு மாதம் எவ்வளவு என்பதை விலைமனுவிலேயே எழுத்தில் வாங்கிக்கொள்ளுங்கள்.