நெஸ்ட் தேர்வு, ஆண்டுக்கு 60,000 ரூபாய் உதவித்தொகை: மும்பைத் தமிழ்ப் பிள்ளைகளுக்கு

தாராவியில் பன்னிரண்டாம் வகுப்பு சயன்ஸ் படிக்கிற பிள்ளையிடம் அடுத்து என்ன என்று கேட்டால் நீட், இல்லாவிட்டால் சிஇடி என்று பதில் வரும். அடிப்படை அறிவியல் படிப்புக்கான நுழைவுத் தேர்வான நெஸ்ட் என்று சொல்கிற பிள்ளையை அபூர்வமாகத்தான் பார்க்கிறேன். இத்தனைக்கும் அந்தப் படிப்பு நடப்பது பக்கத்திலேயே, கலினாவில்.

மும்பைப் பல்கலைக்கழகமும் மத்திய அரசின் அணுசக்தித் துறையும் சேர்ந்து 2007-ல் அங்கே அடிப்படை அறிவியல் மையம் ஒன்றைத் தொடங்கின. மாணவர்கள் செப்ஸ் என்பார்கள். பிளஸ் டூ முடித்துச் சேர்ந்தால் ஐந்து வருடத்தில் எம்.எஸ்சி. பட்டத்தோடு வரலாம். டிராம்பே பாபா அணு ஆராய்ச்சி மையத்திலிருந்தும் கொலாபா டாடா ஆராய்ச்சிக் கழகத்திலிருந்தும் விஞ்ஞானிகளே வந்து பாடம் நடத்துகிறார்கள். இதே தேர்வில் புவனேஸ்வர் அருகே உள்ள நைசர் என்ற தேசிய அறிவியல் கல்வி, ஆராய்ச்சி நிறுவனத்திலும் இடம் கிடைக்கும். அங்கே சுமார் 200 இடங்கள், செப்ஸில் 60-க்குள்.

பொதுப் பிரிவும் ஓபிசியும் பன்னிரண்டாம் வகுப்பில் 60 சதவீதம் எடுத்திருக்க வேண்டும். எஸ்சி, எஸ்டி, மாற்றுத்திறனாளிகளுக்கு 55. பரீட்சை பெரும்பாலும் ஜூனில் வரும். இயற்பியல், வேதியியல், கணிதம், உயிரியல் என நான்கு பகுதிகள்.

சேர்ந்தவர்களுக்கு அணுசக்தித் துறையின் திஷா திட்டத்தில் ஆண்டுக்கு 60,000 ரூபாய் உதவித்தொகை உண்டு. கோடை விடுமுறையில் ஆய்வகத்தில் பயிற்சி எடுக்கத் தனியாக 20,000. நல்ல கிரேடு வாங்கினால், 1957 முதல் நடக்கும் பாபா மையத்தின் பயிற்சிப் பள்ளிக்கு நேரே நேர்முகத் தேர்வுக்குப் போகலாம். அதில் தேறிப் பயிற்சியை முடித்தால் விஞ்ஞானி வேலை. இது அணு உலை வேலை மட்டுமில்லை. நாசிக் பக்கம் லாசல்காவில் கோபால்ட் கதிர் காட்டி வெங்காயம் முளைவிடாமல் காக்கிற கூடமும் இந்தத் துறை அமைத்ததுதான்.

சரி, நம் வீடுகளில் காரியம் எங்கே தடுமாறுகிறது? சாதிச் சான்றிதழில்.

அப்பாவோ தாத்தாவோ திருநெல்வேலியிலிருந்து வந்திருப்பார். பிள்ளை பிறந்தது இங்கே மும்பை சயானில். "நீங்கள் வெளி மாநிலம், இங்கே ஒன்றும் கிடையாது" என்று யாராவது சொன்னால் அதோடு திரும்பிவிடாதீர்கள். மாநிலம் மாறியதால் எஸ்சி என்ற தகுதி போய்விடாது. மகாராஷ்டிர அரசின் சலுகைதான் கிடைக்காது. மத்திய அரசு நிறுவன இட ஒதுக்கீடு கிடைக்கும். அப்பாவின் தமிழ்நாட்டுச் சான்றிதழைக் காட்டி இங்கேயே பிள்ளைக்கு மத்திய அரசுப் படிவத்தில் வாங்கலாம். இடம்பெயர்ந்த குடும்பத்துக்கென்றே அந்தப் படிவத்தில் தனிப் பத்தி இருக்கிறது. கேட்டு நிரப்பச் சொல்லுங்கள். தமிழ்நாட்டில் பிசி, எம்பிசி என்று இருப்பவர்கள் தங்கள் சாதி மத்திய ஓபிசி பட்டியலில் உள்ளதா என்று முதலில் பாருங்கள். இருந்தால் மத்தியப் படிவம்தான் வேண்டும், கிரீமி லேயரில், அதாவது வசதி படைத்த பிரிவில், இல்லை என்ற சான்றோடு. அதற்கான வருமான வரம்பு 8 லட்சம்.

போன வருடம் ஒரு பெண்ணுக்கு விண்ணப்பம் போட உட்கார்ந்தோம். அவள் அப்பாவின் சான்றிதழ் பாட்டியின் டிரங்குப் பெட்டியில், ரேஷன் கார்டுக்கு அடியில் கிடைத்தது. மடிப்பு விழுந்த இடத்தில் தாலுகா முத்திரை பாதி அழிந்திருந்தது. ஒரு அலுவலகத்தில் இது செல்லாது என்று திருப்பி அனுப்பினார்கள். அவளுடைய சித்தப்பா ஊருக்குப் போய் நகல் வாங்கி வருவதற்குள் ஆறு வாரம் ஓடிவிட்டது. அந்தப் பெண் அந்த ஆறு வாரமும் படிப்பை விட்டுவிட்டு, அரசுச் சான்றிதழ்களுக்கு விண்ணப்பிக்கிற சேது மையத்து வரிசையில் நின்றாள். இன்றைக்கும் அதை நினைத்தால் எனக்கு ஆறவில்லை.

அதனால் பதினொன்றாம் வகுப்பு முடிந்ததுமே பெட்டியைத் திறந்து பாருங்கள். முத்திரை சரியில்லை என்றால் தீபாவளிக்கு ஊருக்குப் போகிறவரிடம் சொல்லி நகல் வாங்குங்கள். ஓபிசி சான்று மட்டும் அந்தந்த நிதியாண்டுக்குப் புதிதாக இருக்க வேண்டும். அதை ஏப்ரலில் எடுத்துக்கொள்ளலாம்.