தவிலுக்கும் நாயனத்துக்கும் ரெக்கார்டர் வாங்கும் முன்

கும்பகோணம், திருவாரூர், மயிலாடுதுறைப் பக்கம் கச்சேரிகளை ஒலிப்பதிவு செய்வது என் தொழில். நாயனமும் தவிலும் பயிலும் பிள்ளைகள் கையடக்க ரெக்கார்டர் எது வாங்கலாம் என்று அடிக்கடி கேட்கிறார்கள். கடையில் 24 பிட்டா, 32 பிட்டா என்று, அதாவது ஒலியை எவ்வளவு நுணுக்கமாக எண்ணாக்கிப் பதிகிறது என்றுதான் பேச்சு ஓடும். நம் மங்கல இசைக்கு அதைவிட முக்கியம், ரெக்கார்டரின் மைக் எத்தனை டெசிபல் சத்தம் வரை தாங்கும் என்பது.

வீணைக்கும் வாய்ப்பாட்டுக்கும் இந்தக் கவலை அதிகம் வேண்டாம். தவில் அப்படியில்லை. கூடு (விரலில் மாட்டும் கெட்டி உறை) மாட்டிய விரல் வலந்தலையில், அதாவது தவிலின் வலது பக்கத்தில் விழும்போது ஓசை நொடியில் உச்சத்துக்குப் போய் இறங்கிவிடும். ஜூம் எச்1என் போன்ற சிறிய கருவியின் மைக் 120 டெசிபல் வரை தாங்கும். அதே ஜூமின் எச்5 உடன் வரும் மைக் 140 வரை போகும். தவிலுக்கு ஓரிரு அடியில் வைத்துப் பதிய 120 போதவில்லை என்பது என் அனுபவம். 32 பிட் ஃப்ளோட் (மெல்லிய ஒலியையும் பெருஞ்சத்தத்தையும் ஒருசேரப் பதியும் முறை) இருந்தால் எவ்வளவு சத்தம் வந்தாலும் ஓசை உடையாது, கரகரக்காது என்று சொல்லி விற்பார்கள். பாதிதான் உண்மை. பதிவில் உடையாது, சரி. ஆனால் மைக்கே திணறிவிட்டால் உள்ளே போவது உடைந்த ஓசைதான். அப்புறம் அதை முழுதாக மீட்க வழியில்லை.

போனிலேயே பதியலாமே என்கிறார்கள். போனின் ஆட்டோ லெவலும் (ஒலியளவைத் தானே ஏற்றி இறக்கும் வசதி) இரைச்சல் குறைப்பும் பேச்சை மனத்தில் வைத்துச் செய்தவை. தனி ஆவர்த்தனத்தில் தவிலின் மெல்லிய சொல்லும் (அடியும்), முழங்கும் தீர்மானமும் (முடிப்பும்) ஏறக்குறைய ஒரே அளவில் கேட்கும். விடாமல் ஒலிக்கும் சுருதிப்பெட்டியை ஃபேன் சத்தமாக எடுத்துக்கொண்டு அமுக்கிவிடவும் செய்யும். தன் சாதகத்தை, அதாவது பயிற்சியைத் திரும்பக் கேட்டு சுருதி பார்க்க நினைக்கிற பிள்ளைக்கு இது பெரிய கெடுதல். ரெக்கார்டரிலும் ஆட்டோ லெவல் இருக்கும், அணைத்துவிடுங்கள். தாழ்ந்த ஒலிகளை வெட்டும் லோ கட்டையும் தேவையில்லாமல் போடாதீர்கள், தொப்பியின் (தவிலின் இடது பக்கம்) கனம் குறைந்துவிடும்.

ஆலாபனையைக் கேட்டு லெவல் வைப்பதும் வேண்டாம். தவிலோடு மல்லாரியில் (சுவாமி புறப்பாட்டில் வாசிப்பது) கொஞ்சம் வாசிக்கச் சொல்லி, ரெக்கார்டர் மீட்டரில் உச்சம் மைனஸ் 12 டெசிபலைத் தாண்டாமல் வையுங்கள். 24 பிட்டில் அந்த இடைவெளியால் நஷ்டம் எதுவுமில்லை.

நாயனத்தின் ஓசை அணைசு (நுனியில் விரிந்த வாய்) வழியாக மட்டும் வருவதில்லை, விரல் துளைகளிலிருந்தும் வருகிறது. நரசிங்கம்பேட்டையில் ஆச்சா மரத்தில் கடைந்த நாயனத்தின் குழைவு முழுதாகக் கிடைக்க, மைக்கை அணைசுக்கு நேரே வைக்காமல் பக்கவாட்டில் ஆறேழு அடி தள்ளி வையுங்கள். திறந்த வெளியில் தூரம் இரட்டித்தால் சுமார் 6 டெசிபல் குறையும். கல் மண்டபத்தில் இந்தக் கணக்கு ஓடாது. தள்ளத் தள்ள எதிரொலிதான் முன்னால் வரும்.

சவுண்ட் சர்வீஸ்காரரின் மிக்ஸரிலிருந்து ஒலி எடுக்கும் எண்ணம் இருந்தால், லைன் இன் (மிக்ஸர் போன்ற கருவிகளின் பலமான ஒலியை வாங்கும் சாக்கெட்) உள்ள கருவியாகப் பாருங்கள். மைக் சாக்கெட்டில் லைன் ஒலியைக் கொடுத்தால் உடையும்.

மெமரி அட்டைக்குப் பெரிதாகச் செலவழிக்க வேண்டாம். 48 கிலோஹெர்ட்ஸ், 24 பிட், ஸ்டீரியோவில் ஒரு மணி நேரம் சுமார் 1 ஜிபிதான். 32 ஜிபி அட்டை ஓர் இரவு சுவாமி புறப்பாட்டுக்குத் தாராளம். பென்சில் பேட்டரியில் ஓடுகிற கருவியாக இருந்தால் நல்லது, எந்த ஊர்ப் பெட்டிக்கடையிலும் கிடைக்கும். ஆடி மாதத்து ஆற்றங்கரைக் காற்றுக்கு, கூட வரும் ஸ்பாஞ்ச் உறை போதாது. ரோமம் வைத்த உறையைத் தனியாக வாங்குங்கள்.

முடிந்தால் பணம் கட்டும் முன் ஒருநாள் வாடகைக்கு எடுத்து, உங்கள் தவில்காரரையே வாசிக்கச் சொல்லிப் பதியுங்கள். கேட்கும்போது ஹெட்போனில் கேளுங்கள், கருவியின் சின்ன ஸ்பீக்கரில் உடைசல் தெரியாது.