டீம் அவுட்டிங்: போன முறை வராதவர்கள் யார்?

மழை ஓய்ந்து மார்கழிக் குளிர் தொடங்கியதும் சென்னை ஓ.எம்.ஆரிலும் அம்பத்தூரிலும், ஆபீஸ் குழுவாக வெளியே போய்வரும் டீம் அவுட்டிங் பேச்சு கிளம்பிவிடும். மனிதவள ஆலோசகராக இருப்பதால் அந்த நாட்களில் என்னிடம் பலரும் கேட்பது, "எந்த ரிசார்ட் நல்லா இருக்கும்?" நான் அவர்களிடம் கேட்பது வேறு: போன முறை யார் யார் வரவில்லை, ஏன் வரவில்லை?

இதற்குப் பெரும்பாலும் சரியான பதில் இருக்காது. "ஊர்ல விசேஷம்", "காய்ச்சல்" என்று ஏதாவது பதிவாகியிருக்கும். அவர்களிடமே தனியாகப் பேசினால்தான் உண்மை வெளியே வரும். எல்லோரும் நீச்சல் குளத்தில் இறங்கணும் என்றார்களாம். மேனேஜர் முன்னால் ஈர உடையோடு நிற்க ஒரு பெண்ணுக்கு விருப்பமில்லை. சனிக்கிழமை வைத்தார்கள், குழந்தையைப் பார்த்துக்கொள்ள வீட்டில் ஆள் இல்லை. ஒருவருக்கு முட்டி வலி, இன்னொருவருக்கு நோன்பு. இதையெல்லாம் டீம் லீடிடம் எப்படிச் சொல்வது? அப்ரைசலில் மதிப்பீடு எழுதப்போகிறவரும் அவர்தானே. அதனால் சிலர் ஏதோ காரணம் சொல்லி ஒதுங்கிவிடுகிறார்கள். சிலர் மனமே இல்லாமல் வந்து, நாள் முழுக்கச் சிரித்த முகத்தோடு நிற்கிறார்கள். எனக்கு அதிகக் கவலை இந்த இரண்டாமவர்களைப் பற்றித்தான்.

ஆகவே, 'என்னால் முடியாது' என்று சொல்ல உங்கள் டீமில் யார் மிகவும் தயங்குவார்களோ அவரை மனத்தில் வைத்து நிகழ்ச்சியைத் தேர்ந்தெடுங்கள். அவர் போன மாதம் சேர்ந்த பெண்ணாக இருக்கலாம், ஒப்பந்த ஊழியராக இருக்கலாம், ஓய்வு பெறும் வயதை நெருங்கிய அக்கவுன்ட்ஸ் சாராகவும் இருக்கலாம். அவர்கள் நிம்மதியாகக் கலந்துகொள்ளும் ஒன்று மற்றவர்களுக்கும் சரிப்படும். ஒப்பந்த ஊழியரைக் கூப்பிடவே மறந்துவிடுகிற நிறுவனங்கள் உண்டு. தினமும் பக்கத்து நாற்காலியில் உட்கார்ந்து வேலை பார்ப்பவரை அன்று ஒரு நாள் மட்டும் விட்டுவிட்டுப் போனால், திங்கட்கிழமை அவர் முகத்தை எப்படிப் பார்ப்பீர்கள்?

அடுத்தது தண்ணீர். இதில் நான் விட்டுக்கொடுக்கவே மாட்டேன். கிழக்குக் கடற்கரைச் சாலையான ஈ.சி.ஆரில் பல ரிசார்ட்டுகளுக்குப் பின்வாசலைத் திறந்தாலே கடல். நம் கரையோரத்தில் சட்டென்று ஆழமாகிவிடும் இடங்கள் உண்டு. கரையேறிய அலைநீர் ஒரு குறுகிய வழியாகத் திரும்பி ஓடும்போது ஆளையும் சேர்த்து உள்ளே இழுத்துப்போகும். அதை எதிர்த்து நேராகக் கரையை நோக்கி நீந்தினால் களைத்துப்போய்விடுவோம். கரைக்கு இணையாகப் பக்கவாட்டில் நீந்தி அந்த ஓட்டத்திலிருந்து வெளியேற வேண்டும். நன்றாக நீந்தத் தெரிந்தவருக்கே அந்த நேரத்தில் இந்த நிதானம் வருவது கஷ்டம். இரண்டு பீர் குடித்தவருக்கு எங்கிருந்து வரும்? ஆபீஸ் பயணத்தில் கடல் குளியல் இல்லை, மது இல்லை என்று அழைப்பிலேயே எழுதிவிடுங்கள். கோவளத்தில் அலைச்சறுக்கு கற்க ஆசைப்படுபவர்கள் வேறொரு நாள் தாங்களாகப் பயிற்சியாளரோடு போகட்டும்.

மலையேற்றத்துக்கும் இதே எச்சரிக்கைதான். 2018 மார்ச்சில் தேனி மாவட்டம் குரங்கணியில் காட்டுத்தீயில் சிக்கி இருபதுக்கும் மேற்பட்டோர் இறந்தார்கள். சென்னையிலிருந்து போனவர்கள் அவர்களில் பலர். அதன் பிறகு மலையேற்றத்துக்கு அரசு தனி விதிகள் கொண்டுவந்தது. வனத்துறை அனுமதியைக் கண்ணால் பார்க்காமல் எந்த ஏற்பாட்டாளருக்கும் முன்பணம் கட்டாதீர்கள்.

பலருக்குத் தெரியாத இன்னொரு விஷயமும் இருக்கிறது. பணியிடத்தில் பெண்கள் மீதான பாலியல் துன்புறுத்தலைத் தடுக்கும் 2013ஆம் ஆண்டுச் சட்டப்படி, வேலை நிமித்தமாக ஊழியர் போகும் இடமும் நிறுவனம் ஏற்பாடு செய்த வண்டியும்கூடப் பணியிடம்தான். ரிசார்ட்டில் நடந்தாலும் பஸ்ஸில் நடந்தாலும் இத்தகைய புகார்களை விசாரிக்கும் நிறுவனத்தின் உள்ளகக் குழுவிடம் 3 மாதத்துக்குள் புகார் தரலாம். "அவுட்டிங்ல கொஞ்சம் ஜாலியா இருந்தோம்" என்ற சமாதானம் செல்லாது. கிளம்பும் முன்பே இதை எல்லோருக்கும் சொல்லிவிடுவது நல்லது. அந்த உள்ளகக் குழுவின் உறுப்பினர் ஒருவரும் உடன் வந்தால் இன்னும் நல்லது.

சரி, எதைத்தான் செய்வது? கயிறு இழுக்கும் போட்டி இல்லாத அவுட்டிங் அபூர்வம். ஆனால் ரிங்கல்மான் என்ற பிரெஞ்சுப் பொறியாளர் கயிறு இழுக்க வைத்தே சோதித்து, ஆள் கூடக் கூட ஒவ்வொருவரும் போடும் பலம் குறைகிறது என்று 1913லேயே எழுதிவிட்டார். கூட்டத்தில் ஒதுங்கி நிற்பது சுலபம். டீமை நான்கைந்து பேர் கொண்ட குழுக்களாகப் பிரித்து, மேனேஜர்களை வெவ்வேறு குழுக்களில் சாதாரண உறுப்பினராகச் சேர்த்துவிடுங்கள்.

நான் அடிக்கடி பரிந்துரைப்பது மாமல்லபுரம். அங்கே சுமார் 30 மீட்டர் நீளமுள்ள புடைப்புச் சிற்பப் பாறை இருக்கிறது. அதில் ஒற்றைக்காலில் தவம் செய்பவர் அர்ச்சுனனா, பகீரதனா என்று அறிஞர்களே இரண்டு பக்கமாக நிற்கிறார்கள். பக்கத்தில் ஆயுதத்தோடு நிற்கும் சிவனைப் பார்த்தால் அர்ச்சுனன் என்று தோன்றும்; நடுவே உள்ள பிளவையும் அதில் நாகர்களையும் பார்த்தால் கங்கை இறங்குவதாகத் தோன்றும். ஒரு குழு இந்தப் பக்கம், ஒரு குழு அந்தப் பக்கம் என்று அரை மணி நேரம் பார்த்துவிட்டு வாதாடச் சொல்லுங்கள். மீட்டிங்கில் வாயே திறக்காதவர், காலடியில் எலிகள் சூழத் தவம் செய்யும் பூனையை முதலில் கண்டுபிடித்துக் காட்டுவார். ஓடவோ நனையவோ வேண்டாம், யாரையும் தொடவும் வேண்டாம். காலை 8 மணிக்கே தொடங்கிவிட வேண்டும், வெயில் ஏறிவிடும். கத்திரி வெயிலில் இதை யோசிக்கவே வேண்டாம்.

முட்டுக்காட்டில் 1996இல் திறந்த தட்சிணசித்ராவும் நல்ல இடம். நான்கு தென் மாநிலங்களின் பழைய வீடுகளை அப்படியே பெயர்த்து வந்து அங்கே எழுப்பியிருக்கிறார்கள். நிழல் உண்டு, கைவினைப் பயிற்சிக்கும் ஏற்பாடு செய்துகொள்ளலாம். பறவைகளில் ஆர்வம் இருந்தால் டிசம்பர், ஜனவரியில் வேடந்தாங்கல்.

இடத்தை முடிவு செய்யும் முன் பெயர் கேட்காத ஒரு படிவம் அனுப்புங்கள். எந்த நாள் முடியாது, எதில் கலந்துகொள்ள விருப்பமில்லை, சாப்பாட்டில் என்ன தவிர்ப்பீர்கள் என்று கேட்டால் போதும், காரணம் கேட்காதீர்கள். வேலை நாளிலேயே வையுங்கள், ஊழியரிடம் பணம் வசூலிக்காதீர்கள். அப்புறம், திரும்பும் நேரத்தை உங்கள் வீட்டுத் தூரத்தை வைத்துக் கணக்கிடாதீர்கள். சோழிங்கநல்லூரில் இறக்கிவிட்டதும் உங்கள் பயணம் முடிந்துவிடலாம். கும்மிடிப்பூண்டிக்கும் அரக்கோணத்துக்கும் மின்சார ரயில் பிடிக்க வேண்டியவர் அந்த பஸ்ஸில்தான் இருப்பார். மாலை 4 மணிக்கெல்லாம் வண்டி கிளம்பிவிட வேண்டும்.